எட்டா, இருபதா?

மாலை ஆறு மணி முப்பத்தைந்து நிமிடத்துக்கு அந்தச் செய்தி என் கைப்பேசிக்கு வந்தது. போன கோடையில், ஒரு வியாழக்கிழமை. அரியலூரில் ஆசிரியர்களுக்கான பயிற்சி வகுப்பு ஒன்றை முடித்துவிட்டுப் பெரம்பலூர் பஸ்ஸில் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். எங்கள் பஸ்ஸுக்கு முன்னால் ஒரு சிமெண்ட் லாரி வழிவிடாமல் ஊர்ந்துகொண்டிருந்தது. கைப்பேசி அதிர்ந்ததும் எடுத்துப் பார்த்தேன். "இரவு ஊசி போடப்பட்டது. அளவு 20." பார்த்துவிட்டு மறுபடியும் பைக்குள் வைத்துவிட்டேன்.

தினமும் வருகிற செய்திதான். வந்துவிட்டது என்பதுதான் எனக்கு முக்கியம். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று ஊன்றிப் படிப்பதை நான் எப்போதோ விட்டுவிட்டிருந்தேன். லாரியை எங்கள் பஸ் முந்தியது. ஜன்னல் வழியாகக் காற்று முகத்தில் அடித்தது. அப்போதுதான் அந்த எண் மண்டைக்குள் ஏறியது. இருபது. இருபது காலைக்கு உரியது. இரவுக்கு எட்டு.

என் சின்ன மகளுக்குப் பன்னிரண்டு வயது. ஒன்பது வயதிலிருந்து சர்க்கரை நோய். குழந்தைகளுக்கு வருகிற வகை; மாத்திரையில் அடங்காது. காலையும் இரவும் சாப்பாட்டுக்கு முன்னால் இன்சுலின் ஊசி போட்டே ஆக வேண்டும். அளவு கொஞ்சம் குறைந்தால் சர்க்கரை ஏறும். பார்த்துச் சரிசெய்யக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். அளவு கூடினால் சர்க்கரை சரசரவென்று இறங்கும். வியர்வை, நடுக்கம், உளறல், பிறகு மயக்கம். அதற்கு அப்புறம் என்ன என்பதை நான் இங்கே எழுதப் போவதில்லை.

எங்கள் வீடு லப்பைக்குடிக்காட்டில் இருக்கிறது. கணவர் வளைகுடாவில் வேலை பார்க்கிறார். பெரிய மகள் கணினி படித்தவள். ஒரு கம்பெனிக்காக வீட்டிலிருந்தே வேலை செய்கிறாள். தங்கைக்கு ஊசி போட்டாச்சா என்று என் கணவர், அவளுடைய அத்தா, அங்கிருந்து தினமும் இரண்டு வேளையும் கேட்டுக்கொண்டே இருப்பார். அவள்தான் அதற்காக ஒரு ஆப் செய்தாள். வீட்டில் கிடந்த ஒரு பழைய கைப்பேசியில் அதை ஏற்றி வைத்தாள். அதில் சிம் கிடையாது; வீட்டு வைஃபையில் ஓடும், ஊசிக்கு மட்டுமான கைப்பேசி. நேரம் வந்ததும் மணி அடிக்கும். திரை முழுக்கப் பெரிதாக ஓர் எண் வரும். சின்னவள் ஊசிப் பேனாவில் அந்த எண்ணுக்குத் திருகி, தானே போட்டுக்கொண்டு, 'போட்டாச்சு' என்ற பச்சை வட்டத்தைத் தொடுவாள். எண் மறைந்துவிடும். எனக்கும் அவள் அத்தாவுக்கும் செய்தி போய்விடும்.

அந்த ஆப்பை அவள் செய்துகொண்டிருந்தபோது நான் பக்கத்தில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது. நான் கணித ஆசிரியை. நிரல் என்றால் என்ன என்று ஓரளவு புரியும். ஜாவாவில் ஒரு வசதி உண்டாம். நாம் எழுதுகிற வரிக்கு மேலே '@' போட்டு ஒரு சிறு குறிப்பை வைத்தால் போதும். அந்தக் குறிப்பைப் படித்து, தேவையான மற்ற நிரல் கோப்புகளை எல்லாம் தானாகவே எழுதித் தருகிற இன்னொரு நிரலை வைத்துக்கொள்ளலாம். 'அனோட்டேஷன் பிராசஸர்' என்று அதற்குப் பெயர். ஆபீஸில் அதைக் கற்றுக்கொண்டிருந்தாள். கைப் பழக்கத்துக்காக, தங்கையின் ஆப்புக்கும் அப்படி ஒன்றைத் தானே எழுதினாள்.

"நான் குறிப்பு மட்டும் வெச்சா போதும்மா. மிச்சத்தை அதுவே எழுதிக்கும்" என்றாள்.

"அது தப்பா எழுதுனா யாருடி திருத்துவா?"

"உங்க ஸ்கூல் பிள்ளைங்க மாதிரி நெனச்சியா? அதெல்லாம் சொன்னத மட்டும் எழுதும்."

இரண்டு பேரும் சிரித்தோம்.

இந்த இருபது வந்த வாரம் சின்னவளுக்குக் காய்ச்சல். சர்க்கரை ஏறியிருந்ததால் டாக்டர் அளவைக் கூட்டிக் கொடுத்திருந்தார்: காலை இருபது, இரவு எட்டு. காய்ச்சல் அதிகமாக இருக்கும் நாளில் சேர்த்துக்கொள்ளக் கூடுதலாக இரண்டு என்றும் தனியாகச் சொன்னார். அன்று காலை நான் கிளம்புவதற்கு முன்னால் இருபது போட்டுவிட்டுத்தான் வந்தேன். மதியம் பெரியவள் புது அளவுகளை ஆப்பில் ஏற்றினாள். கூடுதல் இரண்டுக்காகப் புதிதாக ஓர் இடமும் சேர்த்து, நிரல்களைச் சேர்த்து ஆப்பை மறுபடி கட்டி, பழைய கைப்பேசியில் போட்டுவிட்டதாக எனக்குத் தகவல் அனுப்பியிருந்தாள். நானும் ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் பொம்மையைப் பதிலாக அனுப்பினேன்.

பஸ்ஸில் உட்கார்ந்தபடி பெரியவளுக்குப் போட்டேன். எடுக்கவில்லை. ஆறரைக்கு அவளுக்கு வெளிநாட்டுக்காரர்களோடு மீட்டிங். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். கைப்பேசியை ஊமையாக்கிக் கவிழ்த்து வைத்திருப்பாள். மறுபடி போட்டேன். மறுபடி. பக்கத்து வீட்டு மாமிக்குப் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. சந்து முனையில் கடை வைத்திருப்பவருக்குப் போட்டேன். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அப்போதுதான் உறைத்தது. மஃரிப், அந்தித் தொழுகை நேரம். எங்கள் ஊரில் அந்தக் கொஞ்ச நேரத்துக்குக் கடைகளின் ஷட்டர்கூடப் பாதி இறங்கிவிடும். ஆண்கள் பள்ளிவாசலில், பெண்கள் வீட்டில் தொழுகைப் பாயில். எந்த வீட்டுக் கைப்பேசியும் பேசாது. என் வாழ்நாள் முழுக்க எனக்கு அமைதி தந்த நேரம் அது. அன்று அதே நேரம் எனக்கு எல்லாக் கதவையும் சாத்தியதுபோல் ஆகிவிட்டது.

நடுவில் கணவரின் அழைப்பு வேறு வந்துகொண்டே இருந்தது. அவருக்கும் செய்தி போயிருக்குமே. எடுத்ததும், "என்ன இருபதுன்னு வந்திருக்கு?" என்று கேட்டார். "லைன வையுங்க, லைன வையுங்க" என்று கத்திவிட்டேன். அவர் அங்கே ஒரு கட்டடத்தின் எத்தனையாவது மாடியிலோ நின்றுகொண்டு என்ன செய்ய முடியும்?

நான் எழுந்து நின்றுவிட்டதைப் பார்த்து நடத்துனர் வந்தார். என் வயதுதான் இருக்கும் அவருக்கு.

"என்னங்கம்மா, எறங்கணுமா? இங்க ஸ்டாப் இல்லீங்களே."

நான் என்ன சொன்னேன், எந்த வரிசையில் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. பிள்ளை, ஊசி, அளவு, யாரும் எடுக்கவில்லை. பக்கத்து இருக்கையில் இருந்த அம்மாள், "தண்ணி குடிங்க, மொதல்ல தண்ணி குடிங்க" என்று பாட்டிலை என் கையில் திணித்தார்.

"எந்த ஊரு?" என்றார் நடத்துனர்.

"லப்பைக்குடிக்காடு."

அவர் ஒரு விநாடி யோசித்தார். "இருங்க. நம்ம ஆளு வண்டி ஒண்ணு இந்த நேரத்துக்கு அங்கதான் நிக்கணும்." டிக்கெட் மிஷினைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கைப்பேசியை எடுத்தார்.

"மாப்ள, எங்க இருக்க? வண்டிய எடுத்துட்டியா?... டிரைவர் டீ குடிக்கிறாரா? நல்லதாப் போச்சு. எடுக்காத... டேய், வெளாட்டு இல்லடா, எடுக்காத. ஒரு வூட்டுக்கு ஓடணும். புள்ள உசுரு."

கைப்பேசியை என்னிடம் கொடுத்தார். "வழி சொல்லுங்கம்மா."

"பள்ளிவாசலுக்குப் பின்சந்துங்க. தண்ணித் தொட்டிக்கு எதிர்ல. பச்சை கேட்டு."

"இந்த ஊர்ல பாதி கேட்டு பச்சைதாங்க!" என்றது அந்தப் பக்கத்துக் குரல். ஓடத் தொடங்கிவிட்டிருந்தார், மூச்சு இரைத்தது.

"வாசல்ல சிவப்பு ஸ்கூட்டி நிக்குங்க. கதவு தெறக்கலன்னா ஒடைச்சிடுங்க."

காதோடு ஒட்டி வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். செருப்புச் சத்தம். ஒரு நாய் குரைத்தது. இரும்பு கேட் அடிபடும் ஓசை. "வூட்ல யாரு? யாருங்க வூட்ல?" என்று அவர் கத்துவது. நீண்ட நேரம் ஒன்றுமில்லை. பிறகு பெரியவளின் குரல் தூரத்தில் கேட்டது. காக்கிச் சட்டையும் தோளில் காசுப் பையுமாக வாசலில் நிற்கிற ஆளைப் பார்த்துக் குழம்பியிருப்பாள்போல.

"யாருங்க நீங்க? நான் இன்னிக்குப் பஸ்லயே வரலையே..."

"ஒங்கம்மா லைன்ல இருக்காங்க பாப்பா. பேசு."

"தங்கச்சி எங்க?" என்றேன்.

"உள்ள படிச்சிக்கிட்டு இருக்காம்மா. என்னாச்சு? யாரு இவரு?"

"ஊசி எவ்வளவு போட்டா?"

"எட்டு."

"நீ பாத்தியா?"

"ஆப் இருக்குல்லம்மா? அத பாத்துத்தானே போடுவா. எட்டுதான். நானேதான மதியம் ஏத்துனேன்."

"எனக்கு இருபதுன்னு வந்திருக்குடி. போய் அவளப் பாரு. மொதல்ல அவளப் போய்ப் பாரு!"

அவள் நடந்து போகிற சத்தம். ஓடவில்லை, நடந்தாள். அம்மா எப்போதும் போலப் பதறுகிறாள் என்று நினைத்திருப்பாள். பிறகு அவள் தங்கையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். இன்னொரு முறை கூப்பிட்டாள். மூன்றாவது முறை கூப்பிட்டபோது அந்தக் குரல் என் மகளின் குரலாகவே இல்லை.

பாயில் புத்தகத்தின் மேல் கன்னத்தை வைத்துப் படுத்திருந்தாளாம். சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு வியர்வை. எழுப்பினால் கண்ணைத் திறக்கிறாள், சிரிக்கிறாள், சொன்னதையே சொல்கிறாள். காய்ச்சலில் வாய்க்குப் பிடிக்காமல் சாயங்காலம் பாலும் பிஸ்கட்டும் வேண்டாம் என்று தள்ளியிருக்கிறாள். இரவுச் சாப்பாட்டுக்கு இன்னும் நேரம் இருந்தது. விரலில் குத்திப் பார்த்தார்கள். இருக்க வேண்டிய அளவைவிட நன்றாகக் கீழே போயிருந்தது.

அதன் பிறகு அந்த வீட்டில் நடந்தவற்றை எல்லாம் நான் ஓடும் பஸ்ஸில் நின்றுகொண்டு காதால்தான் பார்த்தேன். குளுக்கோஸ் டப்பாவைத் தேடுவது. தண்ணீரில் கலக்குவது. "முழுங்கு, முழுங்குடா தங்கம், துப்பாத" என்று பெரியவள் கெஞ்சுவது. ஆம்புலன்ஸுக்குப் போட்டார்கள். பக்கத்து வண்டி வேறொரு விபத்துக்குப் போயிருந்தது; அடுத்தது வர நேரமாகும் என்று பதில் வந்தது. வீட்டுக்கு ஓடி வந்திருந்த அந்த நடத்துனர் சொன்னது தெளிவாகக் கேட்டது.

"அது வர்றதுக்குள்ள நாம பெரம்பலூர் போயிடலாம் பாப்பா. தூக்குறேன், நீ அந்த டப்பாவ எடுத்துக்க. சக்கரை எவ்வளவு இருக்கோ அள்ளிக்க."

"பஸ்லயா?"

"பின்ன, பிளேன்லயா?"

என் சின்னவளை அவர் தோளில் போட்டுக்கொண்டு சந்து வழியாக ஓடினார். பஸ்ஸில் உட்கார்ந்திருந்தவர்களிடம் ஏதோ சொன்னார். கூச்சல் எழுந்தது, எதிர்க்கிறார்கள் என்று நினைத்தேன். அவர்கள் எதிர்க்கவில்லை. வழியிலுள்ள ஊர்களுக்குச் சீட்டு வாங்கியிருந்தவர்கள்தான், "நீ வுடுப்பா, நாங்க திரும்பி வந்து எறங்கிக்கிறோம்" என்று சத்தம் போட்டிருக்கிறார்கள்.

எனக்குத் தூரம் குறைவு. அதனால் நான் முன்னதாகப் பெரம்பலூர் போய்ச் சேர்ந்துவிட்டேன். எங்கள் பஸ்ஸின் நடத்துனர் ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டார். அவரிடம் நன்றி என்றுகூடச் சொன்னேனா என்று தெரியவில்லை. அரசு மருத்துவமனை வாசலில் இறங்கி, அவசரப் பிரிவுக்குள் ஓடினேன். பணியில் இருந்தவர் ஓர் இளம் பெண் டாக்டர். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். மருந்தின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு கேட்டார்:

"எத்தன யூனிட் போனிச்சு? எட்டா, இருபதா?"

"தெரியலங்க. எனக்கு இருபதுன்னு வந்திருக்கு. பெரியவ எட்டுங்கிறா."

"எதுவா இருந்தாலும் ஒடனே பாப்போம். ஆனா எட்டுன்னா சீக்கிரம் சமாளிச்சிடலாம். இருபதுன்னா அது உள்ள இருந்துக்கிட்டு திரும்பத் திரும்ப எறக்கிக்கிட்டே இருக்கும். ஐசியூவுல எடம் சொல்லி வெக்கணும். கொழந்தயக் கேளுங்க."

பெரியவளைக் கூப்பிட்டேன். பஸ்ஸின் இரைச்சலுக்கு நடுவே, தங்கையின் காதில் அவள் கேட்பது எனக்கும் கேட்டது. "எவ்வளவுடா திருகுன? பேனாவுல எவ்வளவு வெச்ச?" சின்னவள், "அதான்... போட்டேன்ல" என்றாள். பிறகு எதற்கோ சிரித்தாள்.

ஊசிப் பேனாவைக் கேட்டுப் பயனில்லை. போட்டு முடித்ததும் அது பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். ஆப்பின் திரையும் அப்படித்தான். பச்சை வட்டத்தைத் தொட்டதும் எண் போய்விடும். பெரியவள் அள்ளி வந்திருந்த அந்தப் பழைய கைப்பேசியில், அளவுகளை ஏற்றும் பக்கத்தில் பார்த்தால் காலை இருபது, இரவு எட்டு என்று சரியாகவே இருந்தது.

"எட்டுன்னுதாம்மா இருக்கு. இப்பவும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். ஒனக்கு வந்த மெசேஜ்தான் தப்பா வந்திருக்கும்."

"எட்டு போட்டா இப்படி எறங்குமாடி?"

"சாப்பிடலைல்ல... காய்ச்சல்..." என்றாள். அவளுக்கே நம்பிக்கையில்லை. பிறகு, "அம்மா, லேப்டாப் எங்கிட்ட இருக்கு. ஏன் எடுத்துட்டு வந்தேன்னு தெரியல, கையிலேயே இருந்துச்சு. இரு" என்றாள்.

அளவுகளை ஏற்றும் பக்கம் அவள் கையால் எழுதியது. ஊசி நேரத்தில் பெரிய எண்ணைக் காட்டுகிற திரையும் எங்களுக்கு வருகிற செய்தியும் அந்தப் பிராசஸர் தானாக எழுதிய கோப்பின் வழியாக வருபவை. செய்தியில் மட்டும் தவறா, திரையிலும் தவறா என்பதை அந்தக் கோப்பு ஒன்றுதான் சொல்ல முடியும். ஆட்டம் போடும் பஸ்ஸில், மடியில் தங்கையின் தலை, அதற்கு மேலே லேப்டாப். பக்கத்து இருக்கைப் பெண் குளுக்கோஸ் தண்ணீரை ஊட்டிக்கொண்டிருந்தாராம். என் மகள் அந்தக் கோப்பை முதல்முறையாகத் திறந்தாள்.

"இரவு முன்னாடி இருக்கும்மா" என்றாள்.

"என்னடி சொல்ற?"

"நான் காலை, இரவு, கூடுதல்னு வரிசையா குடுக்குறேன். இது இரவு, காலை, கூடுதல்னு வாங்குது. அப்படித்தான் எழுதி வெச்சிருக்கு."

பஸ்ஸின் ஹாரன் நீளமாக ஒலித்தது.

"இருபதும்மா" என்றாள். "ஸ்கிரீன்லயும் இருபதுதான் வந்திருக்கும். அத பாத்து அவ இருபது போட்டிருக்கா."

டாக்டரிடம் திரும்பி, "இருபதுங்க" என்றேன். அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. ஒரு நர்ஸைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். உள்ளே ஒரு படுக்கையைத் தயார் செய்யத் தொடங்கினார்கள். வெள்ளை விரிப்பை உதறிப் போடுவதைப் பார்க்க முடியாமல் நான் வாசலுக்கு வந்துவிட்டேன்.

என்ன நடந்தது என்று பிறகொரு நாள் அவள் எனக்கு உட்கார்ந்து விளக்கினாள். குறிப்பு வைத்த இடங்களை எல்லாம் அந்தப் பிராசஸர் முதலில் திரட்டிக்கொள்கிறது. திரட்டியதைப் போட்டு வைக்க அவள் ஒரு பையைக் கொடுத்திருந்தாள். 'ஹாஷ்செட்' என்றாள். அந்தப் பையில் போட்டது எதுவும் தொலையாது. ஆனால் எது முதலில் வந்தது, எது பிறகு வந்தது என்பதை அது நினைவில் வைத்துக்கொள்ளாது. ஒவ்வொரு முறை ஆப்பைக் கட்டும்போதும் கை விட்டால் எது முதலில் வருகிறதோ அதுதான். இதற்கு முன் அவள் ஓரிரு முறைதான் கட்டியிருக்கிறாள். அப்போதெல்லாம் எங்கள் நல்ல நேரம், காலை முதலில் வந்திருக்கிறது. இரண்டுமே வெறும் எண்கள். ஆகவே இடம் மாறியதைப் பற்றி ஜாவா ஒரு சொல் சொல்லவில்லை.

அவள் அலட்சியக்காரி இல்லை. இதைச் சொல்லியாக வேண்டும். கோப்புகளை எழுதுவதற்கு ஜாவாவே தருகிற வழியைத்தான் பயன்படுத்தியிருந்தாள். ஒரே பெயரில் இரண்டாவது கோப்பை எழுதப் போனால் அது மறுத்துவிடுமாம். கையால் எழுதிய கோப்பின் மேல் ஏறிவிடாமல், தானாக எழுதப்படுபவை தனி இடத்துக்குப் போகுமாம். இவ்வளவு காவலும் இருந்தது. ஆனால் அந்தக் காவல் எல்லாம் கோப்புக்குத்தான். உள்ளே எழுதப்படுவது சரியா என்று பார்க்க அங்கே யாரும் இல்லை. அந்தக் கோப்பை எனக்கும் காட்டினாள். என் மாணவர்களில் எவரும் அவ்வளவு அழகாக எழுத மாட்டார்கள். வரிக்கு வரி ஒழுங்கான இடைவெளி. உச்சியில் ஒரு வாசகம்: இது தானாக உருவானது, திருத்த வேண்டாம். பிள்ளையின் உடம்புக்குள் போகிற எண் அந்த வரிகளின் வழியாகத்தான் போனது. அதை எழுதியவர் என்று ஒருவரும் இல்லை, படித்தவர் என்றும் ஒருவரும் இல்லை.

இப்போது அவள் எழுதும் பிராசஸர்களில், நாம் வைத்த வரிசையை அப்படியே காக்கிற பைதான். காலை அளவை ஒரு வகையாகவும் இரவு அளவை வேறு வகையாகவும் பிரித்துவிட்டாள். இடம் மாறிப் போனால் ஆப் கட்டவே முடியாது, பிழை என்று சிவப்பில் நின்றுவிடும். ஏதாவது ஐயம் வந்தால் ஊகித்து எழுதாமல், பிழை என்று சொல்லி நிறுத்தச் சொல்லியிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் புதிதாக வந்த கோப்பை, சரியென்று தெரிந்த பழைய பிரதியோடு ஒப்பிட்டு, மாறிய வரிகளைக் கண்ணால் படிக்கிறாள். ஆபீஸில் மற்றவர்கள் எழுதியதற்கும் அப்படியே செய்கிறாளாம். சலித்துக்கொள்கிறார்களாம். சலித்துக்கொள்ளட்டும். நானும் மாறிவிட்டேன். வங்கியிலிருந்து வருகிற செய்தி, பள்ளியிலிருந்து வருகிற சுற்றறிக்கை, தானாக வருகிற எதுவாக இருந்தாலும் இப்போது நின்று, எண்ணைப் படித்துவிட்டுத்தான் பைக்குள் வைக்கிறேன்.

அன்று மருத்துவமனை வாசலில் நான் நின்றிருந்தேன். இறைவனிடம் கேட்கத் தெரிந்த துஆக்கள் எல்லாம் மறந்துபோய், "என் பிள்ளை, என் பிள்ளை" என்று மட்டும் வாய் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. பெரியவளின் கைப்பேசி இப்போது கிடைக்கவில்லை. சிக்னல் இல்லாத இடமா, அல்லது என்னிடம் சொல்ல முடியாத ஏதாவதா என்று எண்ணி எண்ணி நான் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டேன். ஆட்டோக்களும் பைக்குகளும் வந்தன, போயின. ஒவ்வொன்றின் விளக்கும் என் முகத்தில் அடித்துவிட்டு விலகியது.

பிறகு சாலையில் எல்லாரும் ஒதுங்குவது தெரிந்தது. ஊர்ப்பெயர்ப் பலகையோடு, உள்ளே விளக்கெல்லாம் எரிய, ஒரு முழு அரசு பஸ், ஸ்டாண்டுப் பக்கம் போகாமல் திரும்பி, மருத்துவமனை வாசலுக்குள் மூக்கை நுழைத்து நின்றது. காவலாளி விசிலை வாயில் வைத்தபடியே ஊத மறந்து நின்றார். ஜன்னல் முழுக்க முகங்கள். முன்படிக்கட்டில் காக்கிச் சட்டைக்காரர் இறங்கினார். பின்னால் பெரியவள், நெஞ்சோடு அணைத்த லேப்டாப், வெறும் கால். அவர் தோளில் என் சின்னவள்.

வாயைச் சுற்றி வெள்ளையாகக் குளுக்கோஸ் பொடி அப்பியிருந்தது. முகம் வெளிறியிருந்தது. ஆனால் கண்கள் என்னைத் தேடின. கண்டுகொண்டன. நான் ஓடிப் போய் இரண்டு கையாலும் அவள் முகத்தைப் பிடித்தேன். குரல் குழறாமல், தெளிவாக, ஏதோ பெரிய அதிசயத்தைப் பார்த்துவிட்டு வந்தவள்போல அவள் சொன்னாள்:

"அம்மா, வழியெல்லாம் எல்லாரும் கை காட்டுனாங்கம்மா. எங்க பஸ்ஸு ஒரு ஸ்டாப்புலகூட நிக்கவே இல்ல!"